எடுத்துக்கொடுக்கிறவள்

பள்ளியின் பழைய அரங்கத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது எனக்குப் பயம் எதுவும் வரவில்லை. தும்மல்தான் வந்தது. மேடைத் திரையை யார் எப்போது துவைத்தார்களோ, விரல் பட்டாலே புழுதி கிளம்பியது. பாச்சை உருண்டை வாசனையும் எலி வாசனையும் வெயில் படாத சிமெண்டின் ஈர வாசனையும் கலந்து மூக்கை அடைத்தன. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. சாயங்கால வெயில் சுவரின் மேல்பாதியில் மட்டும் விழ, நாங்கள் நின்றிருந்த கீழ்ப்பாதி அதற்குள்ளாகவே இருட்டத் தொடங்கியிருந்தது.

மேடையில் நின்று நாற்காலிகளைப் பார்த்தால், இடது கைப் பக்கம் போக வழியே இல்லை. உடைந்த பெஞ்சுகளைக் கூரை வரைக்கும் அடுக்கி அடைத்து வைத்திருந்தார்கள்.

“அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. சரிஞ்சு விழுந்தா மண்டை மிஞ்சாது,” என்றார் டீச்சர்.

நாங்கள் தலையாட்டினோம். நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. அடுப்பை அணைத்தாயிற்று என்று அம்மா சொன்னால்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். டீச்சர் சொன்ன அந்தக் காரணத்தை மட்டும் ஏனோ அப்படியே நம்பிவிட்டேன்.

என்னைப் பள்ளியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கரண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சுறுசுறுப்பானவள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டியில் மூன்று வரி பேசிவிட்டு நின்றுபோனேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பின் வரிசையிலிருந்து ஒருத்தி, “கரண்ட் போயிடுச்சு டோய்!” என்று கத்தினாள். அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பேரும் போகவில்லை.

அதனால்தான் வகுப்பு நாடகத்தில் முக்கிய வேஷம் எனக்குக் கிடைத்தபோது அப்படித் துள்ளினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழுசாகப் பேசி முடித்துவிட்டால் அந்தப் பேர் ஒழிந்துவிடும். வீட்டில் அம்மா தையல் மெஷினை மிதித்தபடியே, “நல்லா யோசிச்சிக்கடி. ஊரைக் கூட்டி வச்சு நின்னுடாதே,” என்றாள். அண்ணன் சுவிட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துக் காட்டினான். இருவரையும் முறைத்துவிட்டு வசனம் படிக்கப் போனேன்.

அதே வேஷத்துக்கு இன்னொருத்தியும் போட்டியிட்டிருந்தாள். என் பக்கத்து இருக்கைக்காரி, சின்ன வயசிலிருந்து என் சிநேகிதி. குரல் மெத்தென்று இருப்பதால் அவளுக்குப் ‘பஞ்சு’ என்று பேர். என்னைவிட நூறு மடங்கு நன்றாக நடித்தாள். ஆனால் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. அதனால் டீச்சர் அவளை மேடையின் வலது ஓரத்தில், திரை மறைவில், ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நாங்கள் மறந்தால் வசனத்தை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. வருத்தமே இல்லாதவள் மாதிரி சிரித்தாள். இவ்வளவு ஆசைப்பட்டவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குள் ஒரு முள் அன்றைக்கே தைத்தது.

நாடகம் சின்னதுதான். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகளுக்காக ஒரு தாய் விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருக்கிறாள். வெளியே புயல். கடைசியில் கதவு தட்டப்படுகிறது. தாய் எழுந்து, “யாரது?” என்று கேட்கிறாள். பதில் வராது. விளக்கு அணையும், திரை விழும். வந்தது மகளா, காற்றா, வேறு எதுவுமா என்பதைப் பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

“யாரதுன்னு கேட்டதோட வாயை மூடிடணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது,” என்று டீச்சர் தினமும் சொல்வார்.

கதவு நிஜக் கதவு. மேடையின் பின்சுவரை ஒட்டி நிறுத்தி, ஆடாமல் இருக்கச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி, அப்புறம் செங்கல் சுவர். தட்டும் சத்தத்தைப் பஞ்சு தன் நாற்காலிப் பக்கத்தில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு தட்டி எழுப்புவாள்.

டீச்சர் எங்களுக்குப் பழக்கிய முதல் பாடம் நடிப்பே இல்லை.

“வசனம் மறந்துபோனா என்ன பண்ணுவே?”

“முழிப்பேன்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“முழிக்கவும் கூடாது, பக்கவாட்டில திரும்பவும் கூடாது. திரும்பினா பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். கண்ணு நேரா இருக்கட்டும். காதை மட்டும் விடு. காதில விழுறதை யோசிக்காம அப்படியே சொல்லு. யோசிச்சா போச்சு.”

இதற்குத் தனியாகப் பயிற்சி வேறு. நான் நாற்காலிகளைப் பார்த்து நிற்க வேண்டும், பஞ்சு வாய்க்கு வந்ததைக் கிசுகிசுப்பாள், நான் முகம் மாறாமல் உரக்கச் சொல்ல வேண்டும். “நான் ஒரு கத்தரிக்காய்.” “என் மூக்கில் ரயில் ஓடுகிறது.” ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. போகப் போகக் காதில் விழுந்ததும் நாக்கு தானாகப் புரண்டது. நடுவில் நான் என்று ஒருத்தி இல்லவே இல்லை.

முதல் தடவை ஒத்திகையில் நின்றுபோனபோது இந்தப் பாடம்தான் கைகொடுத்தது. விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன், தலைக்குள் ஒரே வெள்ளை. அப்போது காதோரம் மெல்லிய குரலில் வரி வந்தது. சொன்னேன். அடுத்ததும் வந்தது. சொன்னேன். டீச்சர் கை தட்டினார்.

இறங்கி வந்து பஞ்சுவின் தோளைக் கட்டிக்கொண்டேன். “தெய்வம்டி நீ!”

“நான் எங்கே சொன்னேன்? வாயைத் திறக்கறதுக்குள்ள நீயே சொல்லிட்டியே.”

பெருமையை மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மேல் லேசாக இருமல் மருந்து வாசனை அடித்த மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கடைசிக் காட்சிக்கு ஒத்திகை. பலகை தட்டப்பட்டது. எழுந்தேன். “யாரது?” என்றேன். டீச்சர் சொன்னபடி வாயை மூடினேன்.

“உள்ளே வாம்மா. கதவு திறந்துதான் இருக்கு.”

மிக மெதுவாக, தெளிவாக, காதுக்குள். நாக்கு புரண்டேவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அப்படி ஒரு வரி நாடகத்திலேயே கிடையாது.

மறுநாளும் அதே இடத்தில் அதே வரி. அதற்கு மறுநாளும்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. பஞ்சுதான். அரங்கேற்றத்தன்று இல்லாத வரியைச் சொல்ல வைத்து, எல்லோர் முன்னாலும் என்னை மறுபடி சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். இத்தனை நாள் சிரித்த சிரிப்பெல்லாம் இதற்குத்தான். வீட்டில் சோறு இறங்கவில்லை. சிநேகிதியைச் சந்தேகப்படுவது பல்லில் சிக்கிய நார் மாதிரி, எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி செய்தேன். கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால் அவளுக்கு ஒரு பெரிய டாஃபி கொடுத்தேன். பல்லில் ஒட்டினால் அரை மணிக்கு வாயைத் திறக்க முடியாத ரகம். அவள் சந்தோஷமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

பலகை தட்டப்பட்டது. “யாரது?”

“உள்ளே வாம்மா.”

பிசிறில்லாமல் வந்தது. கொஞ்சம்கூடக் குழறவில்லை. நான் மேடையிலிருந்து அப்படியே ஓடி அவள் முன்னால் நின்றேன்.

“வாயைத் திற!”

“ம்ம்?”

“திறடி!”

திறந்தாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பசை போட்ட மாதிரி டாஃபியில் ஒட்டி, பிரிக்கும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த வாயால் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லியிருக்க முடியாது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவள் உட்கார்ந்திருப்பது என் வலது பக்கம். குரல் கேட்டது இடது காதில்.

முதல் நாளிலிருந்தே இடது காதில்தான்.

திரும்பிப் பெஞ்சுக் குவியலைப் பார்த்தேன். கூரை வரைக்கும் மரம். ஒரு பூனைகூட நுழைய முடியாது.

பஞ்சு டாஃபியைத் துப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். குரல் பற்றிச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஏறியது.

“நான் உன்னைக் கவுக்கப் பார்க்கிறேன்னு நினைச்சியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“வேஷம் கிடைக்கலைன்னு ரெண்டு நாள் அழுதேன்தான். மூணாம் நாள் உட்கார்ந்து உன் வசனத்தை மனப்பாடம் பண்ணினேன். நீ எங்கெல்லாம் நிப்பேன்னு எனக்குத் தெரியும். உனக்காகத்தான்டி பண்ணினேன்.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த நாள் ஒத்திகையில் வலது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பஞ்சுவுக்கு உடம்பு சரியில்லையாம். டீச்சரே பலகையைத் தட்ட உட்கார்ந்தார். பாதியில் எனக்கு வழக்கம்போல வெள்ளையானது. இடது பக்கமிருந்து ஒவ்வொரு வரியாக வந்தது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிக்கொண்டே போனது. இருமல் மருந்து வாசனை. அந்த இனிப்பும் காரமும் கலந்த வாசனை. பெஞ்சுகளுக்குள் மரம் மெதுவாக நெரிந்தது, உட்கார்ந்திருக்கிற யாரோ முன்பக்கம் குனிந்த மாதிரி.

டீச்சர் பலகையைத் தட்டினார்.

“யாரது?”

“உள்ளே வாம்மா.”

“உள்ளே வா...” என்றது என் வாய்.

“நிறுத்து!”

டீச்சர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடிவந்து என் வாயைக் கையால் பொத்தினார். அவர் கை ஐஸாக இருந்தது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை அரங்கத்துக்கு வெளியே வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார்.

“அந்த வரியை உனக்கு யார் சொன்னது?”

“இடது பக்கத்திலேர்ந்து வருது டீச்சர்.”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் இங்கே படிக்கும்போது இதே நாடகம் போட்டோம். அம்மா வேஷம் எனக்கு. அந்த வரி அப்ப நாடகத்தில இருந்தது, கடைசி வரியே அதுதான். எடுத்துக்கொடுக்க ஒருத்தி இடது பக்கம் உட்காருவா. எப்பவும் இருமிக்கிட்டே இருப்பா, மருந்து வாசனை வரும். அந்த வேஷத்துக்கு அவளுக்குக் கொள்ளை ஆசை. அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் காய்ச்சல்ல போயிட்டா.”

“அப்புறம்?”

“அவ இல்லாமலே போட்டோம். கடைசியில கதவைத் தட்டினாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இடது பக்கத்திலேர்ந்து அந்த வரி வந்தது. அவ குரல்லயே.”

“சொன்னீங்களா?”

“சொல்லலை. மயக்கம் போட்டு விழுந்துட்டேன். இத்தனை வருஷம் கழிச்சுத் தலைமையாசிரியை இதே நாடகத்தைப் போடச் சொன்னப்ப, அந்த வரியை எடுத்துட்டு, அந்தப் பக்கத்தை அடைச்சுட்டாப் போதும்னு நினைச்சேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாடகத்தை நிறுத்திடலாமா? நீ சொன்னா நிறுத்திடறேன்.”

நிறுத்தியிருக்க வேண்டும். தெரியும். ஆனால் அழைப்பிதழ் போயாகிவிட்டது, அம்மா உடையைத் தைத்து முடித்துவிட்டாள், நிறுத்தினால் நான் சாகிற வரைக்கும் கரண்டாகவே இருந்துவிடுவேன். “அந்த வரியைச் சொல்லாம இருந்தாப் போதும்தானே டீச்சர்?” என்றேன்.

பையை எடுக்க உள்ளே போனபோது மேடைக் கதவுக்குக் கீழே ஏதோ மின்னியது.

ஒரு ஆணி. கதவில் அடித்திருந்த ஆணி.

அன்றே பஞ்சு வீட்டுக்குப் போனேன். அவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பாவாடை மடிப்பையே தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“இடது காதை அடைச்சுடு. வலது காதுக்கு நான் இருக்கேன். அந்தப் பக்கம் வர்றதை மட்டும் நம்பு.”

“உன்னை இனிமே எப்பவும் சந்தேகப்பட மாட்டேன்டி.”

“பார்ப்போம்,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

நாடகத்தன்று அவளே என் இடது காதில் பஞ்சை அடைத்துவிட்டாள். “பேருக்கேத்த வேலை,” என்று சொல்லிக்கொண்டாள். டீச்சர் கதவில் புது ஆணிகள் அடிக்க வைத்திருந்தார். அரங்கம் நிரம்பியிருந்தது. நாலாவது வரிசையில் அம்மாவும் அண்ணனும். விளக்குகள் அணைய, திரை விலகியது.

இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சுச் சத்தம்தான் கிணற்றுக்குள் கேட்பது மாதிரி கேட்டது. இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டு தடவையும் வலது காதில் பஞ்சுவின் மெத்தென்ற குரல் வந்து தாங்கிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சி அழுதார்கள். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

கதவு தட்டப்பட்டது.

எழுந்தேன். ஒத்திகையில் நின்ற மாதிரியே, கதவுக்கு முதுகு காட்டி நாற்காலிகளைப் பார்த்து நின்றேன்.

என்ன கேட்க வேண்டும்?

வெள்ளை. மொத்தமும் வெள்ளை. ஒரே ஒரு சொல், தினமும் சொன்ன சொல், வரவில்லை. விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. பின் வரிசையில் ஒருத்தி இருமினாள். இதோ, இப்போது கத்தப்போகிறார்கள்.

நான் திரும்பவில்லை. கண்ணை நேராக வைத்தேன். வலது காதை விட்டேன்.

வந்தது. மெத்தென்று, அன்பாக, பஞ்சுவின் குரலில்.

யோசிக்காமல் அப்படியே சொன்னேன்.

“உள்ளே வாம்மா. கதவு திறந்துதான் இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. திரும்பினேன்.

ஒரு சாண்தான் இருக்கும். ஆணிகள் மேடையில் ஒவ்வொன்றாக விழுந்து உருண்டன. அந்தப் பக்கம் செங்கல் சுவர் தெரியவில்லை. இருட்டுத்தான் தெரிந்தது. ஈரத் துணி காற்றில் வந்து முகத்தில் படுகிற மாதிரி ஏதோ என்னைத் தொட்டுக் கடந்தது. விளக்கு அணைந்தது. திரை விழுந்தது.

கை தட்டல் கூரையைப் பிய்த்தது. கதவு தானாகத் திறந்ததை நாடகத்தின் உச்சம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அம்மா எழுந்து நின்று தட்டினாளாம்.

நான் இருட்டில் தட்டுத்தடுமாறி வலது பக்கம் போனேன். நாற்காலி காலி. பஞ்சு மேடைக்குப் பின்புறத்திலிருந்து, டீச்சரோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

“திரைக் கயிறு சிக்கிக்கிச்சுடி. டீச்சர் கூப்பிட்டாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.”

“எனக்கு ஏண்டி அந்த வரியைச் சொன்னே?”

“எந்த வரியை?” என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. “நான் இங்கே இல்லையே. நான் இன்னும் பலகையைக்கூடத் தட்டலையே.”

காலி நாற்காலியிலிருந்து இருமல் மருந்து வாசனை வந்தது.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரங்கத்தில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை, டீச்சர் பெஞ்சுகளைக்கூட அப்புறப்படுத்திவிட்டார். அங்கே ஒரு முக்காலி மட்டும் இருந்ததாம்.

என்னை இப்போது யாரும் கரண்ட் என்று கூப்பிடுவதில்லை. வகுப்பில் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அண்ணன் சுவிட்சில் விளையாடுவதை நிறுத்திவிட்டான். “இருமலாடி உனக்கு? உன் தலையணையில மருந்து நாத்தம் அடிக்குதே,” என்று அம்மா மட்டும் அடிக்கடி கேட்கிறாள். பஞ்சு இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். காரணம் கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னாள், “நீ பேசறதுக்கு முன்னாடியே நீ சொல்லப்போறது எனக்குக் கேட்குதுடி.”

அவள் முன்பு உட்கார்ந்திருந்த பக்கம் எனக்குக் குளிர்கிறது. அது வலது பக்கம்.

இப்போது பாருங்கள், இவ்வளவு பெரிய விஷயத்தை உங்களிடம் ஆரம்பத்திலிருந்து சொல்லிவிட்டேன். எங்கேயும் திக்கவில்லை, அடுத்து என்ன என்று முழிக்கவில்லை. மூன்று வரி பேசிவிட்டு நின்றுபோன நான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்க்கிறேன்.

வலது காதில் அடுத்த வரி வந்துவிட்டது.